இயந்திரமா, பையா, மாற்றுச் சிறுநீரகமா: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கணக்கு

வயிற்றிலிருந்து நீர் வடிந்த பையைச் சித்தப்பா தரையில் விரித்த 'உதயன்' பத்திரிகையின் மேல் வைப்பார். பைக்கு அடியில் கிடக்கும் எழுத்துகளை வாசிக்க முடிந்தால் அன்று பயமில்லை. எழுத்து புகைமூட்டமாகத் தெரிந்தால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். அந்தப் பையையும் தூக்கிக்கொண்டு அடுத்த படகில் ஏறவேண்டும். அவர் இருப்பது நெடுந்தீவில். குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பிறகு புங்குடுதீவு வழியாகப் பஸ்ஸில் பட்டணம்.

எனக்குக் கணிதம் படிப்பித்த ரீச்சர் கொக்குவிலில் தனியாக இருக்கிறார். சித்தப்பாவைப்போல அவருக்கும் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. அப்படியானவரின் இரத்தத்தைச் சுத்தமாக்குவதுதான் டயாலிசிஸ். அதற்கு வழி இரண்டு: குழாய் வழியாக வயிற்றுக்குள் கரைசலை விட்டு வடித்தெடுக்கும் பை, இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தமாக்கித் திருப்பிவிடும் இயந்திரம். அவர் பையைத் தொட்டதே இல்லை. ஓட்டோவில் போய், வைத்தியசாலையில் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்துவிட்டு வருகிறார். இருவரையும் அறிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: எது நல்லது? நான் வைத்தியன் அல்லன், பாமசியில் இருபது வருடம் நின்றவன். மருந்துச் சீட்டோடு வருபவர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்தே கொண்டுவருவதால் ஆய்வுகளைத் தேடி வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

முதலில் தேடியது நேரடிப் போட்டியைத்தான். ஒரு மருந்தை இன்னொன்றோடு ஒப்பிட நோயாளரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பார்கள். நெதர்லாந்தில் டயாலிசிஸுக்கும் அப்படிச் செய்து பார்த்தார்கள். முடிவு 2003இல் வெளியானது. தகுதியுள்ள எழுநூற்றுக்கும் மேற்பட்டோரிடம் கேட்டதில், குலுக்கலுக்குத் தலையாட்டியவர்கள் 38 பேர். மற்றவர்களுக்கெல்லாம் தமக்கு எது வேண்டும் என்பதில் சொந்த எண்ணம் இருந்தது. 38 பேரை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுத முடியாது. நானோ இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளவில்லை. வாரத்தில் மூன்று நாளை எங்கே கழிப்பது, வயிற்றில் ஒரு குழாயோடு உறங்குவதா என்பதையெல்லாம் சீட்டுக் குலுக்கலிடம் விட யார் சம்மதிப்பார்? பதிவேடுகளை வைத்துச் செய்த பெரிய ஒப்பீடுகளில் இரண்டு முறைகளின் ஆயுள் கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகிறது. முதல் ஓரிரு வருடம் பைக்காரர் சற்று முன்னே நிற்பார். வயது கூடியவர்களுக்கும் சலரோகம் உள்ளவர்களுக்கும் போகப்போக இயந்திரம் முன்னே வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே மிச்சக் கணக்கைத் தூரம், தண்ணீர், வீட்டில் உள்ள ஆள், வீட்டில் உள்ள அறை ஆகியவற்றை வைத்துத்தான் போடவேண்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். இயந்திரத்தில் இரத்தம் ஒரு பக்கம் ஓட, மெல்லிய சவ்வுக்கு மறுபக்கம் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் கரைசல் ஓடுகிறது. நாலு மணி நேரத்துக்கு 120 லீற்றர். நாம் குடிக்கும் தண்ணீரைக் குடல் சலித்து எடுக்கும். இங்கே இரத்தத்துக்கும் அந்த 120 லீற்றருக்கும் நடுவில் இருப்பது ஒரு சவ்வு மட்டுமே. நம் குடாநாடோ சுண்ணாம்புக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிந்திருப்பதைச் சுரண்டிப் பாருங்கள், அதுதான் நம் கிணறு. அந்தக் கல்சியமும் மக்னீசியமும் நேராக இரத்தத்துக்குள் போனால் ஒங்காளம், தலையிடி, இரத்த அழுத்த ஏற்றம் எல்லாம் வரும். அதனால் டயாலிசிஸ் பிரிவின் உயிர், நோயாளி காணாத பின்னறையில் நீரை மென்மையாக்கும் தொட்டியிலும் வடிகட்டும் சவ்வுகளிலும் இருக்கிறது. பைக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. அவருடைய கரைசல் தொழிற்சாலையில் அடைத்து முத்திரையிட்டு வருகிறது. உவர்நீர் குடித்து வளர்ந்த நெடுந்தீவுக்காரருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

அடுத்தது இடைவெளி. இயந்திரத்துக்கு வாரம் மூன்று தடவை என்பது உலக வழக்கம். நம் நாட்டில் இடநெருக்கடியால் பலருக்குக் கிடைப்பது இரண்டு. அமெரிக்காவில் 32,000க்கும் மேற்பட்ட நோயாளரை வைத்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, வாரத்தில் ஒருமுறை வரும் அந்த நீண்ட இரண்டு நாள் இடைவெளியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தது. நீண்ட இடைவெளிக்கு மறுநாள் இறப்பு வீதம் 100 பேருக்கு வருடத்துக்கு 22.1 என்ற கணக்கு; மற்ற நாட்களில் 18.0. தேங்கும் நீரும் பொற்றாசியமும் இதயத்தைத்தான் முதலில் பிடிக்கின்றன. அங்கே ஒரு நாள் கூடினாலே இப்படி. நம் பக்கத்தில் காற்று எழும்பிப் படகு ஓடாவிட்டால் இடைவெளி எத்தனை நாளாகும் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும். சித்தப்பா முதலில் இயந்திரத்தில்தான் இருந்தார். பட்டணத்தில் மருமகள் வீட்டு விறாந்தையில் ஐந்து மாதம் படுத்தார். ஆடுகளைப் பார்க்க ஊருக்குப் போனவர் காற்றில் அகப்பட்டு, திரும்பி வந்து இறங்கும்போது கால் இரண்டும் பூசணிக்காய்போல இருந்தன. பையைப் பற்றிய பேச்சு அந்தக் கிழமைதான் வீட்டில் எழுந்தது. அதற்கு முன் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் உண்டு.

ரீச்சருக்கு ஏன் இயந்திரம் சரி? கண்பார்வை மங்கல், விரல்களில் நடுக்கம், கூட ஆளில்லை. பை மாற்றுவது ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொன்றும் இருபது முப்பது நிமிடம். இணைக்கும் முனையில் விரல் பட்டுவிட்டால் போதும், கிருமி உள்ளே போய்விடும். அவருக்கு வைத்தியசாலைத் தாதியின் கைதான் பாதுகாப்பு. இன்னொன்றையும் அவர் வாயாலேயே சொல்வார்: அங்கே போனால்தான் நாலு மனிதரோடு கதைக்கலாம். இயந்திரத்துக்கு இரத்தம் எடுக்க அவருடைய இடது முன்கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். 1966இல் நியூயோர்க் வைத்தியர்கள் எழுதி வெளியிட்ட இந்த முறையைவிட நல்ல இரத்தவழி இன்றுவரை வரவில்லை. ஒருநாள் என் காதை அந்தக் கையில் வைக்கச் சொன்னார். தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இடைவிடாத இரைச்சல். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் அதைத்தான் கேட்பாராம். 2022இல் பெற்றோல் வரிசையில் அவருடைய ஓட்டோக்காரத் தம்பி இரவு முழுக்க நின்றது தனிக் கதை.

சாப்பாட்டில் பை வெல்கிறது, ஆனால் முழுதாக அல்ல. இயந்திரக்காரருக்கு இளநீர், வாழைப்பழம், கறுத்தக்கொழும்பான் எல்லாம் பொற்றாசியக் கணக்கு. ஒடியல் கூழ் என்றால் அதோடு தண்ணீர்க் கணக்கும் சேரும். பை நாள் முழுக்க வேலை செய்வதால் கட்டுப்பாடு தளர்வு, மிச்சமிருக்கும் சிறுநீரும் அதிக காலம் போகும். ஆனால் கரைசலில் இருப்பது குளுக்கோஸ். அதில் ஒரு பங்கு உடம்புக்குள் ஏறும், இடுப்பு பருக்கும், சலரோகக்காரரின் மருந்தைக் கூட்டவேண்டி வரும். வடியும் நீரோடு புரதமும் போவதால் மீனைக் குறைக்கவே கூடாது. தீவுக்காரருக்கு இது தண்டனையாகத் தெரியவில்லை. காமரங்காயை மட்டும் இரு பக்கத்தாரும் தொடக்கூடாது. ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும் நஞ்சு ஒன்று அதில் உண்டு. வெளியேறாவிட்டால் அது மூளையைத் தாக்கி விக்கல், வலிப்பு வரை கொண்டுபோகும்.

பையின் உண்மையான பாரத்தைக் கிளினிக்கில் எவரும் தராசில் வைத்துக் காட்டுவதில்லை. இரண்டு லீற்றர்ப் பை நாளுக்கு நாலு என்றால் மாதம் 120 பை, கரைசல் மட்டும் 240 கிலோ. அது பட்டணத்திலிருந்து பஸ்ஸிலும் படகிலும் ஏறி, இறங்குதுறையிலிருந்து வீட்டுக்குப் போகவேண்டும். போன பிறகு வெயில் படாத, எலி ஏறாத அறை ஒன்று வேண்டும். சித்தப்பா வீட்டில் சாமியறைதான் பெட்டியறையாயிற்று. பிள்ளையார் இப்போது குசினிக்குப் பக்கத்தில் இருக்கிறார். குளிப்பிலும் இழப்பு உண்டு. குழாய் போட்ட வயிறு கேணியிலோ கடலிலோ முழுகக்கூடாது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகாத முதல் வருடம் அவர் படிக்கட்டில் நின்று ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். கண் கலங்கியது தகப்பனுக்காகவா கேணிக்காகவா என்று நான் கேட்கவில்லை.

எவ்வளவு, எப்போது என்ற இரண்டு கேள்விக்கும் நல்ல ஆய்வுகள் உண்டு. டயாலிசிஸின் அளவைக் கூட்டினால் ஆயுள் கூடுமா என்று இயந்திரத்தில் 1,846 பேரிடமும், மெக்சிக்கோவில் பையில் 965 பேரிடமும் பார்த்தார்கள். இரண்டும் 2002இல் வெளியாகின, இரண்டிலும் பதில் 'கூடவில்லை'. முதல் ஆய்வில் இருந்தவர்கள் எல்லாரும் வாரம் மூன்று தடவைக்காரர். வாரம் இரண்டு போதும் என்பதற்கு அதைச் சாட்சிக்கு இழுப்பவரை நம்பவேண்டாம். தொடக்க நேரத்தை அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரிடம் சோதித்தார்கள். 2010இல் வந்த முடிவில், முன்கூட்டியே தொடங்கியவர்களும் ஏறக்குறைய ஆறு மாதம் பிந்தித் தொடங்கியவர்களும் ஒரே அளவில்தான் பிழைத்தார்கள். இரத்தப் பரிசோதனைத் துண்டில் உள்ள இலக்கத்தை மட்டும் பார்த்து ஓடவேண்டாம் என்பது இதன் பொருள். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள்: 'ஒருமுறை தொடங்கினால் விடமுடியாது' என்று கிளினிக்கையே விட்டுவிட்டு, மூச்சிரைப்போடு நடுச்சாமத்தில் போய்க் கழுத்தில் அவசரக் குழாய் போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஆய்வில் பிந்தியவர்கள் வைத்தியரின் கண்பார்வையில் இருந்துதான் பிந்தினார்கள். கையில் தைத்த இரத்தவழி முற்றவே ஒன்றரை மாதமாவது வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு வந்தால் தராசு ஒரு பக்கம் நன்றாகவே சாய்கிறது. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு, நோயாளர் எல்லாரோடும் ஒப்பிடாமல், காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களோடு மட்டும் ஒப்பிட்டது. அதனால்தான் அதை மதிக்கிறேன். பட்டியலில் ஏறும் அளவுக்கு எல்லாரும் தேறியவர்கள். இறந்தவரின் சிறுநீரகம் பெற்ற 23,275 பேருக்கு முதல் இரண்டு வாரம் இறப்பு அபாயம் காத்திருந்தவர்களைவிட 2.8 மடங்கு. 106ஆம் நாளில் சமம். அதன் பிறகு, நீண்ட காலத்தில், பாதி அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்குகிறது. முதல் மூன்று மாதக் கண்டத்தைச் சொல்லாமல் 'மாற்றினால் சரி' என்பவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

கொடுப்பவர் யார்? 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்பை விற்கவோ வாங்கவோ விடாது. பத்திரிகையின் 'சிறுநீரகம் தேவை' விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆகவே வீட்டுக்குள்தான் தேடவேண்டும். நம் வீடுகளிலோ பொருத்தமான வயதுக்காரர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். காசு அன்றே வங்கிக்கு வந்துவிடும். சிறுநீரகம் விசாவும் விடுமுறையும் எடுத்துக்கொண்டுதான் வரவேண்டும். மிஞ்சுவது தாய். என்னோடு பாமசியில் வேலை செய்த 34 வயதுத் தம்பிக்கு அவனுடைய அம்மாதான் கொடுத்தார். கொழும்புக்கு 400 கிலோமீற்றர், பரிசோதனைக்கென்றே பல இரவுப் பஸ் பயணம். 'எனக்கு ஒன்றும் ஆகாதுதானே தம்பி?' என்று என்னிடம் கேட்டார். ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் கொடுத்த 80,347 பேரில், முதல் 90 நாளில் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு 3 பேர். கொடுத்தவருக்கே வாழ்நாளில் சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் வாய்ப்பு பத்தாயிரத்துக்கு 90. கொடுக்காத, அதே அளவு சுகதேகிகளுக்கு 14. கேட்டுவிட்டு, 'என்னைவிடச் சின்னவன்தானே அவன்' என்றார். அவருக்குச் சலரோகமோ இரத்த அழுத்தமோ இருந்திருந்தால் நான் வேறு விதமாகப் பேசியிருப்பேன். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, தம்பி இப்போது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்ரோலிமஸ் என்ற மருந்தை விழுங்குகிறான். அதுவே அவனுக்கு இரத்தத்தில் சீனியைக் கூட்டிவிட்டது.

வயதானவர் வீடுகளில் இன்னொரு தெரிவும் உண்டு, அதை யாரும் மேசையில் வைப்பதில்லை: டயாலிசிஸ் இல்லாமல் மருந்தாலும் பராமரிப்பாலும் வருத்தத்தைத் தணிப்பது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரில் ஒரு வருடத்துக்குள் 58 வீதத்தினர் இறந்தார்கள்; முன்பிருந்த நடமாட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் 13 வீதத்தினர். படுக்கையில் இருக்கும் 85 வயதுத் தாத்தாவை வாரத்துக்கு இரண்டு தரம் தூக்கிப் போவதற்கு முன் பிள்ளைகள் இந்த இலக்கங்களை வைத்தியரிடம் கேட்கலாம்.

என் தெரிவைக் கேட்டால்: அறுபதுக்குள், கொடுக்க ஆளிருந்தால் முதல் டயாலிசிஸுக்கு முன்பே மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்பேன். தீவிலோ வன்னியின் உட்புறத்திலோ இருந்தால் பை. கை நடுங்கினால், தனியாள் என்றால் இயந்திரம். சித்தப்பாவுக்கு இந்த வரிசை தெரியாது. 'பையோடு இருந்தால் ஆட்டுக்கு நானே குழை வெட்டலாம்' என்றுதான் வைத்தியரிடம் சொன்னாராம். போன மாதம் பெட்டிகளை ஏற்றும்போது படகோட்டி இது என்ன சரக்கு என்று கேட்டிருக்கிறார். 'என்னுடைய சலம் தம்பி, மாதக் கணக்கில் முற்கூட்டியே வாங்கிக்கொண்டு போகிறேன்' என்றாராம் சித்தப்பா. படகில் இருந்த எல்லாரும் சிரித்ததில், நாலு பேர் எழும்பிப் பெட்டி தூக்க வந்துவிட்டார்கள்.