பெயிண்ட் அடித்த பழைய கேக் மிக்சர்: பினாங்கில் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பினாங்குத் தீவிலோ, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கமோ யாராவது "ஃபுல் சர்வீஸ் பண்ணினது, புது வயரிங்" என்று சொல்லிப் பளபளவென்று பெயிண்ட் அடித்த பழைய கென்வுட் செஃப் மிக்சரை விற்க வந்தால், பணத்தை அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படி வாங்கிய மெஷினில் என் தங்கைக்குக் கரண்ட் அடித்தது. முழங்கை வரை அடித்த ஷாக். நல்ல வேளையாகக் கையை உதறிக்கொண்டு விலகிவிட்டாள். தீபாவளி ஆர்டர்கள் நெருங்க நெருங்க இந்த மாதிரி மெஷின்கள் நிறைய விலைக்கு வருகின்றன, அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பழைய மிக்சர்கள் மீது எனக்குப் பைத்தியம் என்றே சொல்லலாம். பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படைக் குடும்பங்கள் இருந்த காலத்தில் அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன சன்பீம் மிக்ஸ்மாஸ்டர் ஒன்று எங்கள் அத்தை வீட்டில் இருந்தது, அதில் தொடங்கிய ஆசை இது. கென்வுட் செஃப் 1950இல் இங்கிலாந்தில் வெளிவந்த மெஷின். 1960இல் வடிவமைப்பாளர் கென்னத் கிரேஞ்ச் அதற்குப் புது வடிவம் கொடுத்தார். நம் ஊரில் சேகரிப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்த ஏ701ஏ மாடல், அப்புறம் எழுபதுகளில் வந்த ஏ901. கனமான உலோக உடம்பு, கழற்றிப் பூட்டக்கூடிய பாகங்கள், இங்கிலாந்து மின்னழுத்தமும் நம்முடையதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம். சரியாகப் பழுது பார்த்தால் ரவையில் செய்யும் சுஜி கேக்குக்கு இதைவிட நல்ல மெஷினை நான் பார்த்ததில்லை. அரை மணி நேரம் வெண்ணெயும் சீனியும் அடித்தாலும் மூச்சு வாங்காது.

என் தங்கை புக்கிட் மெர்தாஜாமில் வீட்டிலிருந்தே கேக், பிஸ்கட் ஆர்டர் எடுக்கிறாள். என்னிடம் இருப்பது மாதிரியே ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முகநூலில் ஒருவர் இளநீல நிறத்தில் ஓர் ஏ701ஏ படம் போட்டிருந்தார், விலை 950 ரிங்கிட். பழைய மெஷின்களைப் புதுப்பித்து விற்பதுதான் அவர் தொழில், பக்கம் முழுக்க அதே மாதிரிப் படங்கள். நானும் தங்கையும் நேரில் போனோம். அடிப்பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். "அக்கா, சீல் ஒட்டியாச்சு, திறந்தா வாரண்டி போயிடும், உள்ள எல்லாமே புதுசுக்கா" என்றார். வெறும் கிண்ணத்தோடு ஓட்டிக் காட்டினார், சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அப்படியென்றால் எழுதிக் கொடுங்கள் என்றேன். "முழு சர்வீஸ், புது வயரிங், ஆறு மாத வாரண்டி" என்று ரசீதில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ரசீதின் ஒவ்வொரு சொல்லும் பொய்.

முதல் சுஜி கேக் போட்ட அன்றே தெரிந்துவிட்டது. ரவையை வெண்ணெயில் ஊற வைத்துவிட்டு, மீதி வெண்ணெயைச் சீனியோடு கே பீட்டரில் (ஆங்கில கே எழுத்து வடிவ அடிப்பான்) அடித்துக்கொண்டிருந்தாள். கலவை வெளுத்து நுரைத்து வரும் நேரத்தில் பீட்டர் தண்டு வழியாகக் கறுப்பாக ஏதோ நூல் மாதிரி இறங்குவதைப் பார்த்திருக்கிறாள். கிரீஸ். வெள்ளைக் கலவையில் சாம்பல் நிறக் கோடு சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டே போகிறது. மெஷினை நிறுத்தலாம் என்று ஒரு கையை அதன் மேல் வைத்தபடி, ஈரமாக இருந்த மறு கையால் சிங்க் விளிம்பைப் பிடித்திருக்கிறாள். அப்போதுதான் அடித்தது. வீட்டு மெயின் பாக்சில் எதுவும் ட்ரிப் ஆகவில்லை.

மெஷினை என் வீட்டுக்குக் கொண்டு வந்து, வயரிங் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரையும் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் திறந்தோம். வெளியே தெரியும் வயர் மேல் புதுத் துணி உறை போர்த்தியிருந்தார்கள், பிளக்கும் புதுசு. உறையை இழுத்துப் பார்த்தால் உள்ளே அதே பழைய ரப்பர் வயர், சிவப்பு, கறுப்பு, பச்சை. பிரிட்டனில் 1970 வாக்கில் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் என்று மாற்றிய நிறங்கள் இவை, ஆக இந்த வயருக்கு வயது ஐம்பதைத் தாண்டும். விரலால் வளைத்தால் ரப்பர் பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது, உள்ளே செம்புக் கம்பி அம்மணமாக நின்றது. பச்சை வயரை, அதாவது எர்த்தை, உடம்பில் இணைக்கும் இடத்தில் வெட்டி, பின்னால் மடக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் புதுசு, ஒட்டும் பசை இன்னும் காயவில்லை.

அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது: "இது அறுந்தது இல்லம்மா, வெட்டினது. எர்த் இருந்தப்போ இந்த மெஷின் ட்ரிப் பண்ணியிருக்கும். லீக் எங்கேன்னு தேட சோம்பேறித்தனம், எர்த்தையே எடுத்துட்டான்." எனக்கு உடம்பெல்லாம் பதறியது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து தேய்ந்து சேர்ந்த கரித்தூள், நம் ஊர்க் காற்றின் ஈரம், உதிர்ந்த ரப்பர், எல்லாம் சேர்ந்து மின்சாரம் உலோக உடம்புக்குக் கசிகிறது. எர்த் இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியாக ஓடி, மெயின் பாக்சில் கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்து, மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்கும். எர்த்தை வெட்டிவிட்டால் கசிவு அப்படியே உடம்பில் காத்திருக்கும், நீங்கள் ஒரு கையை மெஷினிலும் மறு கையைச் சிங்கிலும் வைக்கும்வரை. வாங்க வருபவர் முன் ட்ரிப் ஆகாமல் இருக்க வேண்டும், அதற்காக ஒரு குடும்பப் பெண்ணின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்.

ஆர்சிசிபி இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் மெயின் பாக்சைத் திறந்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் மொத்த வீட்டுக்கும் போட்டிருப்பது பெரும்பாலும் 100 மில்லிஆம்பியர். ஆளைக் காப்பாற்ற வேண்டுமானால் 30 மில்லிஆம்பியர் வேண்டும். 100 வரை காத்திருக்கும் கருவி, அதற்குக் கீழே உங்கள் உடம்பு வழியாக ஓடுவதைக் கண்டுகொள்ளாது. அடுப்படி சாக்கெட்டுகளுக்குத் தனியாக 30 போடச் சொல்லி வயர்மேனிடம் கேளுங்கள், பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் கட்டாயம் செய்யுங்கள். அதே மாதிரி மூன்று முள் பிளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்றும் நம்ப வேண்டாம். நம் சுவர் சாக்கெட்டின் துளை திறப்பதற்கே அந்த நீள முள் தேவை, அதன் பின்னால் வயர் இருக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரியாது.

மற்றவையும் அதே லட்சணம்தான். கியர்பாக்சில் கார் சக்கரத்துக்குப் போடும் கறுப்பு கிரீஸை அள்ளி அடைத்திருந்தார்கள், பழைய கெட்டியான கிரீஸைச் சுரண்டி எடுக்கவே இல்லை. சாப்பாட்டுக்கு மேலே சுழலும் இடம் அது, உணவுக்குப் பாதுகாப்பான கிரீஸ்தான் போட வேண்டும். கெபாசிட்டர் வெடித்துக் கீறல் விட்டிருந்தது. பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ், ஐந்நூறு வாட்டைத் தொடாத மெஷினுக்கு 5 போதும். மாடல் எண், வோல்ட், வாட் எழுதியிருக்கும் அடித்தகட்டின் மேலேயும் பெயிண்ட். இத்தனைக்கும் பெயிண்ட் வேலை மட்டும் அவ்வளவு சுத்தம், ஒரு குமிழ்கூட இல்லை.

விற்றவருக்கு எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். முதலில் "நீங்க திறந்ததால வாரண்டி இல்ல" என்றார். தங்கைக்கு ஷாக் அடித்ததைச் சொன்னதும் "பழைய மெஷின்னா லேசா கரண்ட் இருக்கத்தான்க்கா செய்யும், செருப்பு போட்டுட்டு ஓட்டச் சொல்லுங்க" என்று குரல் செய்தி அனுப்பினார். அதை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அப்புறம் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ஒரு வரி, அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசியபோதுதான் சுங்கை ஆராவில் இருக்கும் தோழி ஒருத்தி தன் கதையைச் சொன்னாள். அதே ஆள், இன்னும் பெரிய தொகை. "ஹோபார்ட் காலத்து கிச்சன்எயிட், இந்த மாதிரி இரும்பு இப்ப கிடைக்காது" என்று சொல்லி விற்றிருக்கிறார். கிச்சன்எயிட்டை ஹோபார்ட் நிறுவனம் 1986இல் வேர்ல்பூலுக்கு விற்றது, அதற்கு முந்தைய மெஷின்களுக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மதிப்பு உண்டு. அந்தக் காலத்து மெஷின் என்றால் தகட்டில் ஹோபார்ட் பெயர் இருக்க வேண்டும். இதில் தகடே இல்லை, பெயர்த்து எடுத்த பசைத் தடம்தான் இருந்தது. ஏன் பெயர்த்தார் என்று முதல் நாளே தெரிந்தது. அமெரிக்காவில் ஓடிய 120 வோல்ட் மெஷின் அது. அமெரிக்க பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம் ஊர் மூன்று முள் பிளக்கை மாட்டிக் கொடுத்திருக்கிறார், டிரான்ஸ்ஃபார்மர் என்ற பேச்சே இல்லை. நம் சாக்கெட்டில் செருகினால் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வோல்ட். ரொட்டி மாவு பிசைய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் புகை, மோட்டார் சுருள் கருகிவிட்டது. அவளுடைய சின்னப் பையன் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தானாம்.

என்னைக் கேட்டால், பெயிண்ட் அடித்த மெஷினைவிட அழுக்கு மெஷின் நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் தரையில் விரித்து வைத்திருக்கும் அங்கிளிடம் ஓடுமா என்று கேட்டால் "தெரியாது, வேணும்னா எடுத்துட்டுப் போ" என்பார். அந்தப் பதிலில் பொய் இல்லை, விலையும் அதற்கேற்ற விலை. மாவு காய்ந்து ஒட்டியிருக்கும், வெள்ளை மஞ்சளாகியிருக்கும், ஆனால் தகடு தெரியும், வயர் தெரியும், திருகுகளை யாராவது திறந்திருக்கிறார்களா என்று தெரியும். அதை வாங்கி, கெபாசிட்டர், கார்பன் பிரஷ், புது மூன்று கம்பி வயர் எல்லாம் மாற்றலாம். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பாசார் இருக்கிறது, இந்தச் சாமான்களைத் தேடி அலைய வேண்டாம். கைவேலை தெரியாதவர்கள் ஒரு வயர்மேனுக்குக் கூலி கொடுத்துச் செய்துகொள்ளலாம், மொத்தமாகக் கூட்டினாலும் 950 வராது.

புதுப்பித்ததுதான் வேண்டும் என்றால், உங்கள் முன்னால் அடிப்பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, அதன் ஒரு முனையைப் பிளக்கின் நீள முள்ளிலும் மறுமுனையைப் பெயிண்ட் படாத திருகு ஒன்றிலும் வைத்துப் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். பெயிண்ட் மேல் வைத்தால் எதுவும் காட்டாது, அதை வைத்து உங்களைக் குழப்ப விடாதீர்கள். வெறும் கிண்ணத்தில் ஓட்டுவதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அரை கிலோ கோதுமை மாவையும் தண்ணீரையும் கொண்டு போய்க் கொக்கி மாட்டிப் பத்து நிமிடம் பிசைய விடுங்கள். கசியும் கிரீஸ், கருகும் வாசனை, வேகம் ஏறி இறங்குவது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். "திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் முடிந்தது என்று கடைக்காரர்கள் நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை அந்த ஒரு வரியால் பறிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டிப் புகார் கொடுக்கலாம், 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கையை அங்கே கேட்பார்கள், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் எதிர்த் தரப்பு வியாபாரம் செய்பவராக இருக்க வேண்டும், அவருடைய பெயரும் முகவரியும் வேண்டும். அதனால் கைப்பேசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பணம் அனுப்பாதீர்கள், பெயர், முகவரி, மெஷினின் வரிசை எண் எல்லாம் போட்ட ரசீது வாங்குங்கள். எப்படிப் புகார் எழுதுவது என்று தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேட்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம், தோழியும் தனியாகக் கொடுத்திருக்கிறாள். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம். வெட்டிய எர்த் வயரை டேப்போடு அப்படியே பையில் போட்டு வைத்திருக்கிறேன். அந்த ஆளின் பழைய பக்கம் இப்போது இல்லை, வேறு பெயரில் இன்னொரு பக்கம் வந்திருக்கிறது, அதே மேசை, அதே திரைச்சீலை, இந்த முறை மெஷின் இளஞ்சிவப்பு. சென்ற ஒரு வருடத்தில் பெயிண்ட் அடித்த கென்வுட்டோ கிச்சன்எயிட்டோ இந்தப் பக்கம் யாரிடமாவது வாங்கியிருந்தால், இன்றைக்கே பிளக்கைக் கழற்றி வையுங்கள், எர்த்தைச் சோதிக்கும்வரை ஓட்டாதீர்கள், வீட்டில் பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். நீல உறை போட்ட வயர், அடித்தகட்டில் பெயிண்ட், "சீல்" என்று சிவப்பு ஸ்டிக்கர், இந்த மூன்றும் உங்கள் மெஷினில் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், விசாரணைக்குக் கொண்டு போகிறேன்.