மொட்டை மாடி ஒழுகலுக்கு 3 மி.மீ. தார் ஷீட்: வாங்கலாமா?

இரண்டு பருவமழையும் நனைக்கிற குமரி மாவட்டத்தில் மாடி ஒழுகுகிறது என்றால், இப்போது கடைக்காரர்கள் கை காட்டுவது பாலியஸ்டர் துணி வைத்த ஏபிபி (ஒரு வகை பிளாஸ்டிக் கலந்த) தார் ஷீட்டைத்தான். 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். பொருள் நல்லது, தாராளமாக வாங்கலாம். ஒட்டுகிற கையைப் பொறுத்துத்தான் பலன்.

ரோலில் 107 சதுர அடி இருந்தாலும் தளத்துக்குக் கிடைப்பது 95 தான். பக்கவாட்டில் 10 செ.மீ., முனையில் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். 25க்கு 40 அடி மாடிக்கு, கைப்பிடிச்சுவரில் ஒரு அடி ஏற்றுவதையும் சேர்த்தால் 12 ரோல். மூலைக்கும் குழாய் வாய்க்கும் இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். 10 போதும் என்கிற ஆள் சுவரேற்றத்தில் கை வைக்கப் போகிறார் என்று அர்த்தம்.

ஷீட் கெடுவது பெரும்பாலும் அடி ஈரத்தால். கான்கிரீட்டில் தங்கிய தண்ணீர் வெயிலில் ஆவியாகி ஷீட்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். 3 அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர் முத்துக் கோத்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். தை முதல் பங்குனி வரை இங்கே தோதான காலம். குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புப் படிவைக் கழுவிக் காயவிட்ட பிறகே பிரைமர், அதாவது ஷீட் பிடிக்கப் பூசும் அடிப்பூச்சு.

பிரைமர் காய்ந்ததும் கேஸ் டார்ச். ஷீட்டின் அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம் உருகித் தார் பளபளக்கும்போதே உருட்ட வேண்டும். இணைப்பு ஓரத்தில் சுண்டுவிரல் நக அகலத்துக்குத் தார் பிதுங்கி நின்றால் நன்றாகப் பிடித்திருக்கிறது. துணி தெரிந்தால் தீ கூடிப்போயிற்று, அந்த இடத்துக்கு மேல்துண்டு போடச் சொல்லுங்கள்.

மொகஞ்சதாரோ பெருங்குளத்தில் சுமார் 1 அங்குலக் கனத்துக்கு இயற்கைத் தாரைச் செங்கல் சுவர்களுக்கு நடுவே வைத்துக் கட்டினார்கள். வெயிலும் காலடியும் படாத இடம். தாருக்கு அதுதான் சரியான இடம். திறந்து கிடக்கிற கருப்பு ஷீட் வறண்டு வெடிக்கும். எனவே மேலே கோழிவலை வைத்த சிமெண்ட் பூச்சு அவசியம்.

மலிவு என்று ரோட்டுத் தாரை உருக்கி ஊற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ரோட்டுக்குப் போடும் விஜி-30 தரத் தார் 47 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் தளம் அதைத் தாண்டிவிடும். உருக்கி ஊற்றுவதானால் 85 டிகிரி வாக்கில்தான் இளகும் 85/25 தரமே கூரைக்கு ஏற்றது. நிலக்கரித் தார் வேறு பொருள், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. குடிநீர்த் தொட்டிப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

மேல்பூச்சுக்கு முன் வடிகுழாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கீழே சீலிங்கில் ஈரம் தெரியவில்லை என்றால் மட்டும் கடைசித் தவணையைக் கொடுங்கள்.