ஜனவரி உருகலில் எங்கே சறுக்குவது: புளூ மவுண்டனா, மொன் ட்ரொம்ப்ளானா?

ரொறன்ரோவின் குளிர்காலம் நடுவில் ஒரு தடவை இளகுவதுண்டு. ஜனவரிப் பிற்பகுதியில் தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறி வந்து, வெப்பமானி இரண்டு மூன்று நாட்களுக்குப் பூச்சியத்துக்கு மேலே 5, 6 பாகையில் நிற்கும். இங்குள்ளவர்கள் அதனை ‘ஜனவரி உருகல்’ என்றே சொல்கிறார்கள். விடுதிக்குப் பணம் கட்டிய வார இறுதியில் அது வந்துவிட்டால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பனிச்சறுக்குக்குப் போவதா, வீட்டிலேயே இருந்துவிடுவதா என்று பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் எந்த மலைக்கு, எந்த நாளில் என்பதை வழக்கமான குளிரில் தீர்மானிப்பதைப் போலத் தீர்மானிக்கக் கூடாது. உறைகுளிரில் சிறந்து நிற்கும் மலை உருகலில் பின்தங்குவதும், சிறிய மலை முந்திக்கொள்வதும் உண்டு.

காரில் போகக்கூடிய தெரிவுகளில் நான் ஒப்பிடுபவை இரண்டு. கொலிங்வூட் நகருக்கு அருகே, ஜோர்ஜியன் விரிகுடாவைப் பார்த்தபடி நயாகரா மலைச்சரிவில் அமைந்திருக்கும் புளூ மவுண்டன், ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணிநேரப் பயணம். 1941 முதல் இயங்கும் இம்மலையின் இறக்கம், அதாவது உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையிலான உயரம், 219 மீற்றர் மட்டுமே. கியூபெக்கின் லோரன்சிய மலைகளில், மொன்றியலுக்கு வடமேற்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றரில் இருக்கும் மொன் ட்ரொம்ப்ளான் 1939இல் திறக்கப்பட்டது. அதன் உச்சி 875 மீற்றர், இறக்கம் 645 மீற்றர், தடங்கள் நூறுக்கும் மேல். அங்கே போய்ச் சேர ஆறு மணிநேரமாவது ஆகும். நல்ல குளிருள்ள ஒரு ஜனவரியில் இவ்விரண்டையும் அருகருகே வைப்பதே ட்ரொம்ப்ளானுக்கு அநீதி என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

உருகல் என்று வந்தவுடன் பலரும் முதலில் பார்ப்பது உயரத்தைத்தான். வளிமண்டலத்தில் 1000 மீற்றர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை குளிர் கூடும். அக்கணக்கின்படி ட்ரொம்ப்ளானின் உச்சி அதன் அடிவாரத்தைவிட 4 பாகை குளிர்ந்திருக்க வேண்டும். புளூ மவுண்டனில் அந்த வேறுபாடு ஒன்றரைப் பாகைக்கும் குறைவு. அடிவாரத்தில் 3 பாகை என்றால் ட்ரொம்ப்ளானின் மேற்பாதியில் பனி பனியாகவே இருக்கும் என்று நம்பிப் புறப்படுகிறவர்கள் இதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை சில நாட்களில் பலிக்கும், சில நாட்களில் பலிக்காது. லோரன்சியப் பள்ளத்தாக்குகளில் கனத்த குளிர்காற்று அசையாமல் தங்கிவிட, வெப்பக்காற்று அதன் மேலாக வழுக்கி வருவது அந்தப் பகுதியின் இயல்பு. அப்போது உச்சி அடிவாரத்தைவிட வெப்பமாகி, மேலே மழையாக உருவாவது கீழே விழுந்தவுடன் கண்ணாடியாக உறைகிறது. 1998 ஜனவரியில் மொன்றியலையும் அதன் சுற்றுப்புறங்களையும் முடக்கிய உறைமழைப் புயல் இப்படி உருவானதுதான். எனவே வானிலை அறிவிப்பில் ‘உறைமழை’ என்ற சொல் தென்பட்டால், ட்ரொம்ப்ளானின் உயரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆறு மணிநேர நெடுஞ்சாலையும் அதே மழையில்தான் இருக்கும்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் அதிகம் தவறு நேர்கிறது. மழை பெய்தால் பனி கரைந்துவிடும் என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் 5 பாகை வெப்பமுள்ள மழை 10 மில்லிமீற்றர் பெய்தாலும், அதன் சொந்த வெப்பத்தால் உருகும் பனியிலிருந்து ஒரு மில்லிமீற்றர் நீர்கூட வராது. பனியைத் தின்பது ஈரப்பதம் நிறைந்த காற்று. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பனியின்மேல் படிந்து நீராகும்போது வெளிப்படும் வெப்பம், படிந்த ஒவ்வொரு கிராமுக்கும் ஏழரைக் கிராம் பனியை உருக்கப் போதுமானது. மூடுபனி தரையோடு தவழ, தெற்குக் காற்றும் விடாமல் வீசும் ஓர் இரவு, நாள் முழுக்கப் பெய்த தூறலைவிடக் கூடுதலாகத் தடங்களை அழித்துவிடும். ஆகவே வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியும் என்பதைக் காட்டும் பனிபடுநிலையையும் பாருங்கள். அது பூச்சியத்துக்குக் கீழே இருந்தால், வெயிலடிக்கும் 5 பாகை நாள்கூட மலைக்குப் பெரிய தீங்கு செய்யாது.

புளூ மவுண்டனின் எளிமையே அதற்குத் துணையாக நிற்பது இந்த இடத்தில்தான். அங்கே நாம் சறுக்குவது பெரும்பாலும் இயந்திரம் பீய்ச்சிய பனியில். வானம் கொட்டிய புதுப்பனி ஒரு கன மீற்றருக்கு 100 கிலோகிராம் அளவே இருக்கும். இயந்திரப் பனியோ 400 கிலோகிராமைத் தாண்டும். டிசம்பர்க் குளிரிரவுகளில் தடித்த படுக்கையாகப் போட்டு இறுக்கப்பட்ட அந்தப் பனி, இரண்டு நாள் ஈரக்காற்றில் மேற்பரப்பை இழந்தாலும் அடி தெரிய விடாது. ட்ரொம்ப்ளானிலும் முக்கிய தடங்களுக்கு இயந்திரப் பனி உண்டு. ஆயினும் ஆறு மணிநேரம் ஓட்டிப் போகிறவர் தேடுவது அந்தத் தடங்களை மட்டுமல்ல. மரங்களுக்கிடையே வளைந்து இறங்கும் இயற்கைப் பனித் தடங்களையும்தான், உருகலில் முதலில் மூடப்படுபவையும் அவையே. இழப்பு ட்ரொம்ப்ளானுக்கே கூடுதல், அதற்குச் செலவழித்த நேரமும் பணமும் கூடுதல்.

அடுத்தது நாள். உருகும் நாளில் போவதா, உருகி முடிந்து குளிர் திரும்பியபின் போவதா என்றால் பெரும்பாலானோர் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். நான் மாறுபடுகிறேன். உருகும் நாளில் காலை பத்தரை மணிக்குப் புளூ மவுண்டனின் சரிவில் குனிந்து ஒரு பிடி பனியை அள்ளிப் பாருங்கள்: கல்லுப்பு போலப் பருத்த, நீர் கோத்த மணிகள் கையுறையில் ஒட்டாமல் சரியும். மேலே லிப்ட் கம்பியிலிருந்து சொட்டும் நீர் தோளில் விழும். சறுக்குப் பலகை அந்த மணிகளுக்குள் மெதுவாகப் புதைந்து திரும்புவதால் வேகம் தானாகவே அடங்குகிறது. புதிதாகப் பழகும் பத்து வயதுப் பிள்ளை விழுந்தாலும் நோகாது. மறுநாள் வெப்பநிலை -8க்கு இறங்கும்போது இதே மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பலகையின் விளிம்பும் பற்றாத கற்பலகையாகிவிடுகின்றன. செப்பனிடும் இயந்திரங்கள் அதனை அரைத்து மீண்டும் மென்மையாக்க ஓர் இரவாவது வேண்டும், சில வேளைகளில் இரண்டு. அந்த இரண்டு இரவுகள் கழிந்தபின் ட்ரொம்ப்ளான், குறிப்பாக வெயில் அதிகம் படாத அதன் வடபக்கம், மீண்டும் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பனிக்கு வெளியே இரண்டும் ஏறத்தாழச் சமம். இரு இடங்களிலும் ஸ்கண்டினேவ் வெந்நீர்க் குளியலகம் இருக்கிறது. ட்ரொம்ப்ளானில் அது ஆற்றங்கரையில் இருப்பதால் என் மனம் அங்கேயே சாய்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, புளூ மவுண்டனின் திறந்தவெளி வெந்நீர்க் குளம் இளவெப்ப நாளில் இன்னும் இதமாக இருக்கும்.

பணம் பொருட்டல்ல என்றால் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் விஸ்லர் மலையும் உண்டு. அதன் அடிவாரம் 675 மீற்றர், உச்சி 2182 மீற்றர். இடையே ஏறக்குறைய 10 பாகை வேறுபாடு இருப்பதால், ஊரில் மழை கொட்டும்போது மேலே புதுப்பனி விழும் நாட்கள் பல. ஆனால் பசிபிக்கிலிருந்து வரும் புயல்களில் காற்றுக்காக மேல் லிப்டுகளை நிறுத்திவிடுவார்கள், அப்போது பனி மேலேயும் நாம் கீழேயுமாக நிற்க நேரும்.

சிறு பிள்ளைகளுடன் ஒரு வார இறுதி மட்டுமே கையிலிருக்கும் குடும்பம், உருகும் சனிக்கிழமையிலேயே புளூ மவுண்டனுக்குப் போகட்டும். காலையில் உறைந்து கிடக்கும் முதல் ஒரு மணிநேரத்தை விட்டுவிட்டு பத்து மணிக்குத் தொடங்கி, நிழல் நீண்டு பனி மீண்டும் இறுகத் தொடங்கும் மூன்று மணிக்குள் முடித்துவிடலாம். ஆளுக்கு இரண்டு சோடிக் கையுறை வேண்டும், ஏனெனில் முதற்சோடி மதியத்துக்குள் நனைந்துவிடும். இரவு விடுதிக்குத் திரும்பியதும் சறுக்குச் சப்பாத்தின் உட்பஞ்சை வெளியே எடுத்துக் காயவிடுங்கள். ஈரமான சப்பாத்தோடு ஞாயிறு காலையில் எந்தப் பிள்ளையும் மலையேறச் சம்மதிக்காது.