மொட்டை மாடிக் கச்சேரிக்கு டேபிள் பிடித்த கதை: 5,994 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

5,994 ரூபாய். ஆளுக்கு 999 வீதம் ஆறு பேருக்கு. போன சனிக்கிழமை ராத்திரி பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மொட்டை மாடி ஹோட்டலில் நடந்த பழைய பாட்டுக் கச்சேரிக்கு நான் அழுத பணம் இது. இன்றைக்கு வரைக்கும் வயிறு எரிகிறது. ஹோட்டல் பெயரை இப்போதைக்குப் போடவில்லை. வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் என் மச்சான், "புகார் கொடுக்கப் போறீங்கன்னா பேரைப் போட்டு முதல்லயே வம்பை இழுக்காதீங்க அத்தான்" என்று சொல்லிவிட்டான். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இதில் மாட்டாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பின் தெரியாத கடை என்றால்கூட மனசு ஆறியிருக்கும். அது எங்கள் குடும்பம் வருஷக்கணக்காக வாடிக்கையாகப் போகிற இடம். கீழே செல்போன் கடை, நடுவில் ஜிம், மேலே இந்த ஹோட்டல். பெரியவன் பிறந்தநாள், தங்கச்சி நிச்சயதார்த்தம் முடிந்த ராத்திரிச் சாப்பாடு, ஆபீசில் யாராவது ரிட்டயர் ஆனால் பார்ட்டி, எல்லாம் அங்கேதான். கொரோனா சமயத்தில் ஊரே அடைந்து கிடந்தபோது, பாவம், கடை நொடித்துப் போய்விடக் கூடாதே என்று வாராவாரம் பார்சல் வாங்கினோம். எங்களைப் பார்த்ததுமே மேனேஜர், "வாங்க அண்ணாச்சி, ஐயாவுக்கு காரம் குறைச்சுதானே?" என்பார். அந்த ஒரு கேள்விக்காகவே பக்கத்தில் இருக்கிற நல்ல கடைகளை விட்டுவிட்டு அங்கே போனோம் என்று இப்போது தோன்றுகிறது.

கச்சேரிக்குப் போக ஆசைப்பட்டது அப்பா. எழுபத்தாறு வயது, முழங்கால் தேய்மானம், வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்தவைதான் அவருக்குப் பாட்டு. 1965-இல் அவர்கள் பிரிந்த பிறகு வந்ததெல்லாம் அவர் கணக்கில் ‘புதுப்பாட்டு’. வாட்ஸ்அப்பில் வந்த போஸ்டரில் "விஸ்வநாதன் – ராமமூர்த்தி சிறப்பு இரவு, மாலை 6 மணி, அன்லிமிடெட் பஃபே, இடியாப்பம் – சொதி உண்டு" என்று இருந்தது. சொதி என்றால் நம்ம பக்கம் கல்யாண வீட்டில் மறுவீட்டு விருந்துக்கு வைப்பது. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும். அப்பாவுக்கு அந்தப் போஸ்டரைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டு ரெண்டு தடவை படித்துவிட்டு, "போவோம்லே" என்றார்.

உடனே மேனேஜருக்குப் போன் போட்டேன். அப்பா கூட வருகிறார், மேடைக்குப் பக்கத்தில் டேபிள் வேண்டும், கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "உங்களுக்கு இல்லாத டேபிளா அண்ணாச்சி? ஏழாம் நம்பர் போட்டுட்டேன். ஐயா காலை நீட்டி உக்காந்து கேக்கட்டும்." அப்புறம், "கடை கியூஆர்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிட்டு. என் நம்பருக்கே போட்டு விடுங்க, நான் கணக்குல ஏத்திக்கிடுதேன்" என்றார். இத்தனை வருஷம் நம் பில்லை வாங்கிக் கல்லாவில் போட்ட ஆள். 5,994 ரூபாய் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கும்பிடும் ஒரு ரோஜாப்பூவும் வந்தன. ரசீது கேட்டதற்கு, "நமக்குள்ள என்ன அண்ணாச்சி ரசீது" என்று ஒரு சிரிப்பு.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கே போய்விட்டோம். லிஃப்ட் வாசலில் ‘கலைஞர்களுக்கு மட்டும்’ என்று அட்டை ஒட்டியிருந்தது. பெரியவருக்கு முழங்கால் வலி என்று சொல்லிப் பார்த்தேன். வாசலில் நின்ற பையன் அட்டையைக் காட்டினானே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. படிக்கட்டில் கீழிருந்து மேல் வரை வரிசை. அப்பா ஒவ்வொரு படியிலும் ரெண்டு காலையும் ஒன்றாக வைத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். பின்னால் நின்றவர்கள் "கொஞ்சம் சீக்கிரம் பெரியவரே" என்று முணுமுணுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்குப் பின்னாலும் நெருக்கியடித்துக்கொண்டு ஆள் நின்றது.

மேலே போனால் ஏழாம் நம்பர் டேபிளில் வேறொரு குடும்பம். தென்காசிப் பக்கத்திலிருந்து கார் எடுத்து வந்திருக்கிறார்கள். அவர்கள் போனிலும் ஏழாம் நம்பர், அதே கும்பிடு, அதே ரோஜாப்பூ. அவர்களும் பணம் கட்டியவர்கள்தான், அவர்களை எழுப்ப எனக்கு என்ன உரிமை? மேனேஜரைத் தேடினேன். தூரத்தில் தலை தெரிந்தது, கையை உயர்த்தினார், கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார். கடைசியில் ஒரு சர்வர் எங்களைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டான். அதுவும் நாலுதான் இருந்தது. அப்பா உட்கார்ந்த ஸ்டூலின் ஒரு கால் பிளந்து, பைண்டிங் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. ஸ்டூல் ஆடும்போதெல்லாம் அவர் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டார். ராத்திரி முழுக்க அந்தக் கை குழாயிலேயே இருந்தது. கை கழுவ வருகிறவர்கள் எல்லாம் அவர் தோளுக்கு மேலே கையை உதறிவிட்டுப் போனார்கள்.

ஆறு மணி என்றார்கள் அல்லவா? ஏழரை வரைக்கும் மைக் டெஸ்டிங். அப்புறம் ஹோட்டல் முதலாளியின் நண்பர்கள் ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, ஆளுக்குப் பத்து நிமிஷப் பேச்சு. முதல் பாட்டு தொடங்கும்போது எட்டு தாண்டிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. எட்டுக்கு ஆரம்பித்தால் பாட்டுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று போஸ்டர் அடித்தவருக்குத் தெரியாதா? பத்து மணிக்கு போலீஸ் வந்து ஒரு பாட்டின் பாதியிலேயே நிறுத்தச் சொன்னதாகக் கடைசி வரை இருந்த தெரிந்தவர் ஒருவர் அப்புறம் சொன்னார்.

பாடியவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் நன்றாகப் பாடியது. தபலாக்காரர் கை நீட்ட இடமில்லாமல் கீபோர்டு ஸ்டாண்டில் முட்டி முட்டி வாசித்தார். ஆனால் எங்கள் பக்கம் இருந்த ஸ்பீக்கர் பல்லவி வரும்போதெல்லாம் கீச்சென்று கத்தியது. அப்பா கண்ணை மூடி, ஒரு காதைக் கையால் பொத்தி, மறு காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் பாட்டுக் கேட்கத் தெரியாதவர்களா இருக்கிறோம்? அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டும் மெல்லிசையும் வைக்கிறார்கள். வரி கட்டின ஊர்க்காரனுக்கும் வழிப்போக்கனுக்கும் ஒரே மணல்தான். வயசானவர்களுக்கு முன்னால் நாற்காலி போட ஊர்ப் பையன்கள் ஓடி வருவார்கள். ஒருத்தனும் 999 ரூபாய் கேட்பதில்லை. சரி, அது வேறு, இது வியாபாரம். காசு வாங்கினால் நாற்காலி கொடுக்க வேண்டும் என்பதுகூடவா வியாபாரத்தில் இல்லை?

சாப்பாட்டுக்கு வருகிறேன். பஃபே வரிசையில் என் மனைவி முக்கால் மணி நேரம் நின்றாள். இடியாப்பம் தீர்ந்துபோயிருந்தது. சொதிப் பாத்திரத்துக்கு அடியில் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. தேங்காய்ப்பால் திரிந்து, மேலே எண்ணெய் தனியாக, கீழே தண்ணீர் தனியாக நின்றது. கரண்டியை விட்டால் சக்கையாய் நாலு முருங்கைக்காய்த் துண்டும் ஒரு உருளைக்கிழங்கும் வந்தன. இஞ்சித் துவையல் இருந்த கிண்ணத்தை யாரோ வழித்துத் துடைத்துவிட்டார்கள். வெள்ளைச் சோறும் மோரும் மட்டும் இருந்தன. 5,994 ரூபாய்க்கு மோர்ச்சோறு. தண்ணீர் பாட்டிலுக்குத் தனி பில், அந்தப் பில்லிலும் சர்வீஸ் சார்ஜ். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லியாகிவிட்டது. அதைச் சொன்னேன். "சிஸ்டம் தானா போடுது சார்" என்றான் கவுண்டர் பையன். முதல் தடவையாக அந்தக் கடையில் நான் ‘சார்’ ஆனேன்.

பயந்ததைச் சொல்லவில்லையே. மாடியில் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். கீழே இறங்க ஒரே படிக்கட்டு, அதிலும் இன்னும் உள்ளே வருகிறவர்கள். ஒரு பக்கம் தகரக் கூரைக்குக் கீழே கேஸ் அடுப்பு. சின்னவள் "அப்பா, மூச்சு முட்டுது" என்றாள். 2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய கச்சேரிக்கு டிக்கெட் கையில் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல், நெரிசலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்பது மணிக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டோம். இறங்குவதற்கு ஏறினதைவிட அதிக நேரம் ஆனது. வண்ணாரப்பேட்டையில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் ஆறு பேரும் தோசை சாப்பிட்டோம். அங்கே அப்பாவுக்கு உட்காரச் சரியான நாற்காலி கிடைத்தது.

இனிமேல்தான் உண்மையான கூத்து. மறுநாள் மேனேஜரைக் கூப்பிட்டேன். "முதலாளி மெட்ராஸ் போயிருக்காங்க அண்ணாச்சி, வந்ததும் கேட்டுட்டு நானே கூப்பிடுதேன்." கூப்பிடவில்லை. திரும்ப நான்தான் கூப்பிட்டேன். "கூட்டம் எதிர்பார்த்ததைவிட வந்துட்டு, நாங்க என்ன செய்ய? அதான் சாப்பாடு போட்டோம்லா." போட்டார்களாம்! ஏழாம் நம்பரை ரெண்டு பேருக்கு எப்படி விற்றீர்கள் என்று கேட்டதும் சிக்னல் போய்விட்டது.

மெட்ராஸ் போன முதலாளி திங்கள்கிழமை கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தார். நேரில் போய்ப் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது கடை அக்கவுண்ட் இல்லையே, எங்க புக்ல உங்க பேரே இல்லை" என்றார். மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார். "அன்னைக்கே கேஷா குடுத்துட்டேனே மொதலாளி" என்று அவர் இழுக்க, இவர் முறைக்க, ரெண்டு பேருக்கும் நடுவில் என் 5,994 ரூபாய் நின்றது. இதே கச்சேரிக்கு டிக்கெட் விற்ற ஆன்லைன் தளத்துக்கும் எழுதிப் பார்த்தேன். தங்கள் வழியாக வாங்காத டிக்கெட்டுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று பதில். அது சரிதான், ஆனால் மாடி கொள்ளாத அளவுக்கு அவர்களும்தானே விற்றிருக்கிறார்கள்?

கடைசியாக முதலாளி ஒரு பெரிய மனசு பண்ணினார். அடுத்த மாதக் கச்சேரிக்கு எங்களுக்கு இருபது சதவீதம் தள்ளுபடியாம். அதாவது இன்னும் காசு கட்டி, இன்னொரு தடவை அப்பாவை அந்தப் படியில் ஏற்ற வேண்டும். கூகிளில் ஒரு ஸ்டார் போட்டு எல்லாவற்றையும் எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில்: "தங்கள் அன்பான கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக!"

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பழகின ஆளாக இருந்தாலும் தனி நம்பருக்குப் பணம் போடாதீர்கள், கடைப் பெயர் திரையில் வந்தால் மட்டும் போடுங்கள். டேபிள் நம்பரோடு ரசீது வாங்குங்கள். வயசானவர்களோடு போகிறீர்கள் என்றால் முந்தின நாளே போய் லிஃப்டையும் வெளியேறும் வழியையும் பார்த்துவிடுங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், ஆன்லைனிலும் பதியலாம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மற்றதை மச்சான் பார்த்துக்கொள்வான்.

நான் 1915-க்குப் போட்டுவிட்டேன். அன்றைக்கு அந்த மாடியில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கூட்டத்தின் போட்டோவோ பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டோ இருந்தால் தனியாக அனுப்புங்கள். முக்கியமாக ஏழாம் நம்பர் டேபிளில் இருந்த தென்காசிப் பக்கத்துக் குடும்பம். நீங்களும் அந்தத் தனி நம்பருக்குத்தான் அனுப்பினீர்களா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.