முடக்குவாதத்தோடு நடையும் சைக்கிளும்: சில வருட அனுபவம்

முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி விறைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருப்பவர்கள் உடற்பயிற்சி செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல. நோயை அடக்க வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எனக்கு இன்னும் தொடர்கிறது. பயிற்சியால் குறைந்தது அசதி. வீக்கத்தைவிட ஆளை அடித்துப்போடுவது அந்த அசதிதான் என்பது இந்த நோய்க்காரர்களுக்குத் தெரியும்.

திருவாரூர்க்காரிக்கு நடக்க இடமா இல்லை? 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்பார்கள். அந்தக் கமலாலயக் குளத்தைச் சுற்றினாலே போதும். எல்லோரும் விடியற்காலையில் நடக்கிறார்கள். எனக்கு அது சரிப்படாது. எழுந்து வெகுநேரம் வரை விரலும் கணுக்காலும் விறைத்தே கிடக்கும், மார்கழிப் பனியில் கேட்கவே வேண்டாம். அதனால் வெயில் தாழ்ந்த பிறகுதான் கிளம்புவேன். வடகரையில் ஒரு அம்மா, "முட்டி வலின்னு சொல்லிட்டு ஏம்மா இந்தச் சுத்து சுத்துற? தேஞ்சுடப் போவுது" என்பார். ஊரில் பாதிப் பேரின் வைத்தியமும் இதுதான். ஆனால் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் அமைப்பான யூலார், இந்த நோயாளிகளுக்கான சிகிச்சையிலேயே உடலுழைப்பும் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்று 2018-இல் பரிந்துரைத்துவிட்டது. முடக்குவாதம் இதயத்தையும் பாதிக்கும் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

வேகத்துக்கு வாட்ச் தேவையில்லை. கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்குதான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்காகத்தான் வீட்டுக்குள் ஓட்டும் சைக்கிள் வாங்கினேன். இப்போது நடையைவிட இதுவே எனக்குப் பிடிக்கிறது. நடக்கும்போது உடம்புப் பாரம் முழுக்கப் பாதத்தின் முன்பக்க மூட்டுகளில் இறங்கும். இதில் பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்திவிட வேண்டும். தாழ்ந்திருந்தால் முட்டிச்சில்லுக்குப் பின்னால் பிடுங்கும்.

குறை என்றால் கைதான். கைப்பிடி ஒல்லி, இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. பழைய துண்டைச் சுற்றித் தடிமனாக்கியதும் உள்ளங்கையைச் சும்மா மேலே வைத்தாலே போதுமென்று ஆகிவிட்டது. மிதிக்கும் பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இன்னும் மோசம், விரல் நுனியால் திருகும்படி சின்னதாக வைத்திருக்கிறார்கள். நல்ல மூட்டுக்காரர்கள் செய்த சாமான்! திரையில் வரும் கலோரிக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை.

மூட்டு சிவந்து வீங்கிய நாட்களில் பாரமே இல்லாமல் சில நிமிடம் மெதுவாக மிதிப்பேன். அதுவும் முடியாவிட்டால் படுத்தபடியே மூட்டுகளை மடக்கி நீட்டுவதோடு சரி. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் முன்பிருந்ததைவிட வலி கூடுதலாக இருந்தால், அடுத்த முறை குறைக்க வேண்டும். காய்ச்சல் என்றால் அன்றைக்கு விடுமுறை. புதிதாக ஆரம்பிப்பவர்கள், அதிலும் நோய் வந்து பல வருடமானவர்கள், டாக்டரிடம் இதயத்தையும் கழுத்துப் பகுதி முதுகெலும்பையும் ஒருமுறை காட்டிவிட்டு ஏறுங்கள்.

சைக்கிள் வாங்குவதாக இருந்தால், கை வீங்கியிருக்கும் நாளாகப் பார்த்துக் கடைக்குப் போய் அந்தத் திருகைத் திருப்பிப் பாருங்கள்.