இஸ்னிக் சிவப்பா, டமாஸ்கஸ் ஊதாவா?

ஒட்டோமான் பேரரசுக் காலத்துச் சுவர் ஓடுகள் என்றதும் எல்லோரும் துருக்கியின் இஸ்னிக் ஊரைத்தான் சொல்வார்கள். காரணம், அந்தத் தக்காளிச் சிவப்பு. இரும்புச் சத்து மிகுந்த களிமண்ணைக் கெட்டியாகப் பூசி, மேலே கண்ணாடி மெருகு கொடுத்துச் சுட்ட நிறம் அது. அதனால் சிவப்பு இதழ்கள் மட்டும் லேசாகப் புடைத்து நிற்கும். நீலமும் பச்சையும் தட்டையாகக் கிடக்க, சிவப்பைத் தடவியே கண்டுபிடித்துவிடலாம்.

இஸ்தான்புல்லில் 1550களில் கட்டிய சுலைமானியே மசூதியின் கிப்லா சுவரில் (மெக்கா இருக்கும் திசையிலுள்ள சுவர்) இந்தச் சிவப்பைப் பார்க்கலாம். அதே ஊரில் 1560களின் தொடக்கத்தில் எழுந்த ருஸ்தம் பாஷா மசூதியிலோ வாசல் சுவர், உள்சுவர், தூண் என்று கைக்கு எட்டும் இடமெல்லாம் ஓடு. டூலிப் பூவையே எத்தனை விதமாக வரைந்திருக்கிறார்கள்! (எனக்கு அங்கே கொஞ்சம் மூச்சு முட்டும், அது வேறு விஷயம்.)

அதே நூற்றாண்டில் டமாஸ்கஸிலும் ஓடு செய்தார்கள். அங்கே இந்தச் சிவப்பு கிடையாது. பதிலுக்கு மாங்கனீசிலிருந்து வரும் ஊதா, இளம்பச்சை, கோபால்ட் நீலம். வெள்ளைப் பின்னணி இஸ்னிக் அளவுக்குச் சுத்தமாக இருக்காது, மெருகிலும் மெல்லிய விரிசல்கள் ஓடும். செய்நேர்த்தியில் இஸ்னிக் ஒரு படி மேல் என்பதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் வடிவங்கள். ரம்பப் பல் விளிம்போடு வளைந்து நீளும் 'சாஸ்' இலை இரண்டு ஊரிலும் உண்டு. இஸ்னிக்கில் அது அரண்மனை ஓவியர்கள் வகுத்த கணக்குப்படி கச்சிதமாக வளையும். டமாஸ்கஸில் கை கொஞ்சம் தளர்ந்திருக்கும். திராட்சைக் கொடி, பூஜாடி எல்லாம் இஷ்டம்போல் படரும். எனக்குப் பிடித்தது இந்தத் தளர்ச்சிதான்.

இன்னொன்று, இஸ்னிக் என்ற பேருக்காக மட்டும் மயங்க வேண்டாம். இஸ்தான்புல்லில் 1617 வாக்கில் முடிந்த சுல்தான் அகமது மசூதியில் 20,000க்கும் மேற்பட்ட ஓடுகள் இருக்கின்றன, ஆனால் தரம் ஒரே சீராக இல்லை. விலைவாசி ஏறியும் அரண்மனை ஓடுகளுக்குப் பழைய விலையையே கொடுத்துவந்தது. 17ஆம் நூற்றாண்டு போகப்போக அந்தச் சிவப்பு பழுப்படித்துவிட்டது.

தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய சுவருக்கு 1560-90 காலத்து இஸ்னிக். அருகில் உட்கார்ந்து பார்க்கும் சின்ன அறைக்கு டமாஸ்கஸ். சிரியா வரை போக முடியாதவர்கள் லண்டனில் உள்ள லெய்ட்டன் ஹவுஸ் அருங்காட்சியகத்தின் அரபு மண்டபத்தில் அந்த ஊதாவைப் பார்க்கலாம்.