அன்னாசி, மிளகாய்த்தூள், வாய்க்கூடு, முறம்: மலம் தின்னும் நாய்க்கு எது உதவும்?

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு எதைத் தின்னப் போகும் என்பது நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை மனிதர்களைத் திட்டும் பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன், ஜிம்மி வரும் வரைக்கும். ஜிம்மி லாப்ரடார். நங்கநல்லூரில் மேல்மாடி ஃபிளாட், தலைக்கு மேலே மொட்டை மாடி. அப்புறம் தெருவிலிருந்து தானாகவே வந்து ஒட்டிக்கொண்டவள் செவலை. காலையில் செவலை மாடி மூலையில் குந்தினால், பந்தியில் சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்கும் ஆள் மாதிரி ஜிம்மி பின்னாலேயே நிற்பான். அவள் எழுந்ததும் அவனுக்குப் பந்தி.

ஒன்றரை வருடத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்பிடும் முன்பு ஒன்று. திடீரென்று ஆரம்பித்த பழக்கம் என்றால் முதலில் டாக்டரிடம் போய்விடுங்கள். குடற்புழு இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போய், மலம் வெளுத்து எண்ணெய்ப் பசையோடு நிறையப் போனால் கணையம் செரிமான நொதிகளைச் சரியாகச் சுரக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு இது அதிகம் வரும். சாப்பாட்டில் நொதிப்பொடி கலந்து கொடுத்துச் சமாளிக்கலாம். அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை தின்னும் நாய்க்கும் பசி வெறியாக இருக்கும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு டப்பாவில் புதிதாகப் போன மலத்தைக் கொண்டுபோனேன். ஜிம்மிக்கு ஒன்றுமில்லை. வெறும் ஆசைதான்.

இனி வைத்தியங்கள். எல்லோரும் முதலில் சொல்வது அன்னாசி. அன்னாசித் துண்டு, பூசணி, கொஞ்சம் அஜினோமோட்டோ, இல்லை இதற்கென்றே கடையில் விற்கும் மாத்திரை. உள்ளே போய் வெளியே வரும்போது மலத்தின் ருசியைக் கெடுத்துவிடுமாம். ஏற்கெனவே அது என்ன ருசியில் இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. நான் செய்த மடத்தனம் அதைவிடப் பெரியது: மூன்று வாரம் மாத்திரையை ஜிம்மிக்குக் கொடுத்தேன். அவன் தின்பதோ செவலையுடையதை. மருந்து போக வேண்டியது செவலையின் வயிற்றுக்கு. விற்றவரும் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. சரி என்று செவலைக்குக் கொடுத்தேன். ஜிம்மி முன்பைவிட ஆர்வமாகத் தின்றான். தெருவில் அவன் மோப்பம் பிடிப்பதற்கு நங்கநல்லூர் தெருநாய்கள் எல்லாவற்றுக்குமா அன்னாசி ஊட்ட முடியும்?

இது என் ஒருவனுடைய தோல்வி இல்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஹார்ட்டும் அவருடைய குழுவினரும் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுத் திரட்டி 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுமார் 16 சதவீத நாய்கள் அடிக்கடி இப்படித் தின்று பிடிபட்டவை. கடையில் விற்கும் 11 தயாரிப்புகள் பலன் தந்தது 0 முதல் 2 சதவீதம் பேருக்குத்தான். தின்னும் நாய்களில் சாப்பாட்டைப் பறந்து பறந்து விழுங்கும் ரகம் அதிகம். அவை தேடுவதும் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் விழுந்த புதுச்சரக்கு. ஓநாய்க் காலத்தில், புழு முட்டைகள் தொற்றும் நிலைக்கு வரும் முன்பே இருப்பிடத்தைச் சுத்தம் செய்த பழக்கத்தின் மிச்சமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

மிளகாய்த்தூள் அடுத்தது. மாடியில் கிடப்பதன் மேல் தூவிவிடு, ஒரு தடவை எரிந்தால் திரும்பிப் பார்க்காது என்றார் கீழ்வீட்டு மாமி. தூவுவதற்கு அது கிடக்கும் இடத்துக்கு நான்தான் போக வேண்டும். போன கையோடு அள்ளிவிட்டால் வேலை முடிந்ததே! நாயின் கண்ணிலும் மூக்கிலும் பொடி போய் அது தவிப்பதும் மிச்சம். அதட்டலும் இப்படித்தான். கத்திக்கொண்டு ஓடினால் பறிக்க வருகிறார்கள் என்று இன்னும் வேகமாக விழுங்குவான். குட்டி வீட்டுக்குள் மலம் போய்விட்டதென்று மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மறைவாகப் போகவும் தடயத்தை விழுங்கவும்தான் கற்றுக்கொள்ளும்.

உண்மையான போட்டி மூன்றுக்குள்தான்: "விடு" என்ற சொல்லைப் பழக்குவது, வாய்க்கூடு மாட்டுவது, விழுந்ததும் அள்ள முறத்தோடு தயாராக நிற்பது.

"விடு" எனக்குப் பிடித்தமானது. கையில் வேகவைத்த கோழித்துண்டு, "விடு" என்றதும் முகத்தைத் திருப்பினால் துண்டு அவனுக்கு. வீட்டுக்குள் பிஸ்கட்டில் ஆரம்பித்து, தெருவில் சாணி வரைக்கும் வர இரண்டு மாதம் ஆனது. ஆனால் இதுவும் பழக்கத்தைக் குணமாக்காது. அதே ஆய்வில் இந்த முறையின் வெற்றியும் நான்கு சதவீதத்தைத் தாண்டவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சங்கிலி கையில் இருக்கும்போது வேலை செய்யும். போனைப் பார்த்தேனோ, போயிற்று. நடைக்கு இது போதும், முழு வைத்தியம் இல்லை.

வாய்க்கூடு அதற்கு நேரெதிர். கவனமே தேவையில்லை. ஆனால் கூடை மாதிரி இருப்பதுதான் வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை நம்மூர் வெயிலுக்கு ஆபத்து. நாய் வாய் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிரவைத்துக்கொள்ளும். உள்பக்கம் கொஞ்சம் தயிர்சாதம் தடவி நீட்டினால் தானாகவே மூக்கை நுழைக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். இரண்டு குறை. தெருவில் அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார்கள், கடிநாய் என்று. இன்னொன்று, இளகலானதன் மேல் முகத்தை அழுத்தினால் கம்பி இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். அதை ஒரு தடவை கழுவினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் ஜெயித்தது முறம்தான். செலவில்லை, ஆனால் சோம்பலுக்கு இடமும் இல்லை. இரண்டு பேருக்கும் காலை ஆறரை, மாலை ஏழு என்று சாப்பாட்டு நேரத்தை மாற்றாமல் வைத்தேன். வேளைக்குப் போட்டால் வேளைக்குப் போகும். அரை மணியில் செவலை மாடிக் கதவைப் பிராண்டுவாள். அவள் தனியாகப் போவாள், நான் முறமும் பழைய செய்தித்தாளுமாகப் பின்னால். அள்ளி, தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஜிம்மிக்குக் கதவு திறக்கும். முதல் வாரம் அவன் ஈரத்தரையை மோந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் முந்திக்கொண்டேன் என்று நினைத்திருப்பான்.

தடுப்பூசி முடியாத குட்டி இருக்கும் வீட்டில் முறத்துக்கு மாற்றே இல்லை. குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் பார்வோ வைரஸ் மலம் வழியாகத்தான் பரவும், தரையில் மாதக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். வளர்ந்த நாய்க்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடற்புழு மருந்து தவறக்கூடாது, முகத்தை நக்கவிடும் பிள்ளைகள் இருந்தால் கண்டிப்பாக. குட்டி போட்ட தாய் நக்கித் துடைப்பதை மட்டும் தடுக்காதீர்கள். முதல் மூன்று வாரம் அது அவள் வேலை.

இப்போது மாடிக்கு முறம், தெருவுக்கு "விடு" என்று ஓடுகிறது. பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகும் நாளில் மட்டும் வாய்க்கூடு. மணலில் எது எங்கே புதைந்திருக்கிறது என்பது என்னைவிட ஜிம்மிக்கு நன்றாகத் தெரியும்.